திடீர்னு ஒரு காது கேக்கலையா? 'சளி அடைப்பு'ன்னு விட்டுடாதீங்க... பின்னணியில் இருக்கக்கூடிய அரிய காரணங்கள் என்னென்ன?

மலைப்பாதையில் ஏறி இறங்கும்போது காது அடைப்பது கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்குப் பழகிப்போன விஷயம். அந்தப் பழக்கமே சில நேரம் ஆபத்தாக மாறுவது எப்படி? நரம்புப் பாதிப்பால் வரும் திடீர் காது கேளாமைக்கு ஏன் 2 வாரக் கெடு சொல்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறும் பேருந்திலோ, 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு சாலையில் போகும் ஜீப்பிலோ உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது தெரியும். பாதி மலை ஏறியதுமே காது 'கும்'முன்னு அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கினாலோ, கொட்டாவி விட்டாலோ 'டப்'புன்னு திறந்துவிடும்.

ஏலக்காய்த் தோட்ட வேலைக்காகக் கம்பம், கூடலூர், போடி பகுதிகளில் இருந்து தினமும் காலையில் இடுக்கி மாவட்டத்துக்குப் போய், மாலையில் இறங்கி வரும் தொழிலாளர்களுக்கு இது அன்றாடம் நடப்பதுதான். அதனால், ஒருநாள் காலையில் எழுந்ததும் ஒரு காது சுத்தமாகக் கேக்கவில்லை என்றாலும், "நேத்து மலையில இருந்து இறங்கினது, சரியாயிடும்" என்று விட்டுவிடுவது ரொம்ப இயல்பு.

பெரும்பாலும் அது சரியாகவும் ஆகிவிடும். ஆனால், சரியாகாமல் போகும் ஒரு சிலருக்குக் கைநழுவிப் போவது காது மட்டுமல்ல, அதைக் காப்பாற்றுவதற்கான நேரமும்தான்.

அல்கா யாக்னிக்குக்கு நடந்தது என்ன?

பிரபல இந்திப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக், 2024 ஜூன் மாதம் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஓர் அதிர்ச்சித் தகவலை வெளியிட்டார். சில வாரங்களுக்கு முன்பு விமானத்தில் இருந்து இறங்கி நடந்தபோது, திடீரெனத் தனக்கு எதுவுமே கேட்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தார். வைரஸ் தாக்குதலால் ஏற்பட்ட அரிய வகை நரம்புக் காது கேளாமை என்று மருத்துவர்கள் கண்டறிந்ததாகவும் குறிப்பிட்டிருந்தார். அதிகச் சத்தமான இசை, ஹெட்போன் பயன்பாடு குறித்து இளைஞர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

விமானத்தில் இருந்து இறங்கியதும் காது கேட்கவில்லை என்றால், யாராக இருந்தாலும் முதலில் காற்றழுத்த அடைப்பு என்றுதான் நினைப்பார்கள். மலைப்பாதையில் இறங்கி வருபவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழப்பம் தொடங்கும் இடமே இதுதான்.

'திடீர் நரம்புக் காது கேளாமை' என்றால் என்ன?

காதில் கேட்கும் திறன் குறைவதை மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

• முதலாவது, ஒலி உள்ளே போகும் வழியில் வரும் தடை. காது அழுக்கு, சளி நீர், செவிப்பறையில் ஓட்டை, காற்றழுத்த அடைப்பு எல்லாம் இந்த வகை.

• இரண்டாவது, ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றும் உள்காதிலோ, அதை மூளைக்குக் கொண்டு செல்லும் நரம்பிலோ வரும் பாதிப்பு.

இந்த இரண்டாவது வகைப் பாதிப்பு 72 மணி நேரத்துக்குள், அதாவது 3 நாட்களுக்குள் வந்தால், அதுதான் 'திடீர் நரம்புக் காது கேளாமை'. செவித்திறன் பரிசோதனையில் அடுத்தடுத்த 3 அலைவரிசைகளிலாவது 30 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைந்திருக்க வேண்டும் என்பது இதற்கான அளவுகோல். 30 டெசிபல் என்பது சின்ன எண் மாதிரி தெரியலாம். ஆனால், பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுபவரின் குரல் கிசுகிசுப்பு அளவுக்குக் குறைந்துவிடும் என்றால் புரியும்.

அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஒரு காதில் மட்டும்தான் வரும். தூங்கி எழும்போதுதான் பலர் இதைக் கவனிக்கிறார்கள். செல்போனை வழக்கமான காதில் வைத்தபோது எதிர்முனைக் குரல் கேட்காமல் போய், அப்போதுதான் தெரிந்துகொண்டவர்களும் உண்டு. காதில் 'ங்ங்ங்' என்ற இரைச்சல், அடைத்தது போன்ற உணர்வு, சிலருக்குத் தலைசுற்றல் ஆகியவையும் சேர்ந்து வரும்.

உள்காது ஏன் இவ்வளவு மென்மையானது?

நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்புதான் உள்காதின் மையம். அதற்குள் சுமார் 15 ஆயிரம் முடி செல்கள் இருக்கின்றன. ஒலி அதிர்வுகளை மின் சமிக்ஞைகளாக மாற்றுவது இவைதான். தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வளர்வது போல, மனிதர்களுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

இன்னொரு சிக்கல், ரத்த ஓட்டம். உள்காதுக்கு ரத்தம் கொண்டு செல்வது ஒரே ஒரு மெல்லிய தமனி. அதில் தடை வந்தால் மாற்று வழி கிடையாது. ஒரே வாய்க்காலை நம்பியிருக்கும் கடைமடை வயல் மாதிரிதான் காக்ளியாவின் நிலைமையும்.

அடைப்பா, நரம்பா? வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்ம்' என்று கொஞ்ச நேரம் முனகிப் பாருங்கள். அந்தச் சத்தம் எந்தக் காதில் பலமாகக் கேட்கிறது என்று கவனியுங்கள்.

• கேட்காத காதிலேயே சத்தம் பலமாகக் கேட்டால், அழுக்கு, சளி போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

• நல்ல காதில் சத்தம் பலமாகக் கேட்டால், கேட்காத காதில் நரம்புப் பாதிப்பு இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவர்கள் டியூனிங் ஃபோர்க் என்ற இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் எளிய வடிவம்தான் இது. முடிவு எப்படி வந்தாலும், இது டாக்டரிடம் போவதற்குப் பதில் அல்ல. முழு உறுதி செய்ய 'ஆடியோகிராம்' என்ற செவித்திறன் பரிசோதனைதான் வழி.

10-ல் 9 பேருக்குக் காரணமே தெரியாது

திடீர் நரம்புக் காது கேளாமை வந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு, முதல் கட்டப் பரிசோதனைகளில் குறிப்பிட்ட காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. வைரஸ், ரத்த ஓட்டத் தடை, உடலின் எதிர்ப்பு சக்தியே உள்காதைத் தாக்குவது என்று பல சாத்தியங்கள் சொல்லப்படுகின்றன.

மீதமுள்ள 10 பேரில் ஒருவர் விஷயத்தில்தான் கவனம் தேவை. ஏனென்றால், இவர்களுக்குக் காது கேளாமை என்பது வேறொரு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அந்த அரிய காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. நரம்பில் வளரும் கட்டி

காதில் இருந்து மூளைக்குச் செல்லும் நரம்பின் உறையில் 'வெஸ்டிபுலார் ஷ்வான்னோமா' என்ற கட்டி மெதுவாக வளரலாம். இது புற்றுநோய்க் கட்டி அல்ல. வழக்கமாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்கும் திறனைக் குறைக்கும். ஆனால், சிலருக்கு ஒரே நாளில் காதை அடைத்துவிடும்.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று இருக்கிறது. கட்டி இருப்பவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையில் கேட்கும் திறன் தற்காலிகமாகத் திரும்பலாம். "மாத்திரையில சரியாயிடுச்சே, இனிமே ஸ்கேன் எதுக்கு?" என்று விட்டால் கட்டி உள்ளேயே வளரும். அதனால்தான் கேட்கும் திறன் திரும்பினாலும் எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். சாதாரண சி.டி ஸ்கேனில் இந்த வகைச் சிறிய கட்டிகள் தெரியாமல் போகலாம்.

2. பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கை

உள்காதுக்குப் போகும் மெல்லிய தமனி, பெரும்பாலானவர்களுக்குச் சிறுமூளைக்குச் செல்லும் ஒரு தமனியின் கிளையாகத்தான் இருக்கிறது. அந்த முதன்மைத் தமனியில் அடைப்பு தொடங்கும்போது, முதலில் அடிபடுவது காதாக இருக்கலாம். சிலருக்குக் காது கேளாமையும் தலைசுற்றலும் வந்து, சில நாட்கள் கழித்துதான் பக்கவாதம் முழுமையாக வெளிப்பட்டதாக மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காது கேளாமையுடன் முகம் ஒருபக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, இரட்டை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, கை கால் மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஓ.பி-க்குக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

3. உண்ணிக் காய்ச்சல்: தோட்ட வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

தேனி மாவட்ட மக்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. புதர்களிலும் புல்வெளிகளிலும் இருக்கும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிற்றுண்ணிகள் கடிப்பதால் பரவுவது 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற உண்ணிக் காய்ச்சல். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதைத் தொடர்ந்து வரும் குளிர் மாதங்களிலும் இது அதிகம் தென்படும். தோட்டம், காடு, புதர் சார்ந்த இடங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலியுடன் தொடங்கும் இந்த நோயில், இரண்டாவது வாரத்தையொட்டிச் சிலருக்குக் காது மந்தமாகிறது. பெரும்பாலும் இரண்டு காதுகளும் பாதிக்கப்படும். காய்ச்சலோடு காது கேளாமையும் சேர்ந்து வருவது, இந்த நோயைச் சந்தேகிக்க உதவும் ஒரு துப்பு என்றே மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

இன்னொரு துப்பு தோலில் இருக்கும். சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்குப் புண். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடிப்பகுதி போன்ற மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும் என்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகலாம்.

நல்ல செய்தி என்னவென்றால், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற எளிதில் கிடைக்கும் மருந்துகளிலேயே இது குணமாகும். காய்ச்சல் குறையும்போது பெரும்பாலானவர்களுக்குக் காதும் திரும்பிவிடும். ஆனால், டாக்டரிடம் "ஏலத்தோட்டத்துல வேலை பாக்கிறேன்", "திராட்சைத் தோட்டத்துல களை எடுத்தேன்" என்று சொன்னால்தான் அவருக்கு இந்தச் சந்தேகமே வரும்.

4. பொன்னுக்கு வீங்கி, அக்கி வைரஸ், சிபிலிஸ்

கன்னம் வீங்கும் 'பொன்னுக்கு வீங்கி' அல்லது அம்மைக்கட்டு, குழந்தைகளுக்கு ஒரு காதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யலாம். ஒரு காது மட்டும் என்பதால் குழந்தைக்கும் சொல்லத் தெரியாது, பெற்றோருக்கும் புரியாது. பள்ளியில் பரிசோதனை செய்யும்போதுதான் வெளியே வரும். 2024 மார்ச் மாதம் பக்கத்து மாநிலமான கேரளாவில் இந்த நோய் வேகமாகப் பரவியது. அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஊசி உண்டு. அம்மைக்கட்டுக்கான ஊசி அதில் இல்லை. தனியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

சின்னம்மை வைரஸ் உடலிலேயே பதுங்கியிருந்து பல ஆண்டுகள் கழித்து அக்கியாக வெளிப்படும். அது முக நரம்பைத் தாக்கினால் வருவதுதான் 'ராம்சே ஹன்ட்' நோய். பாப் பாடகர் ஜஸ்டின் பீபர் 2022 ஜூன் மாதம் இதனால் முகத்தின் ஒருபக்கம் செயலிழந்ததாக வீடியோ வெளியிட்டார். காதுக்குள்ளோ, காதைச் சுற்றியோ கொப்புளம், கடும் வலி, முகக்கோணல் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். கேட்கும் திறனும் சேர்ந்து பாதிக்கப்படலாம்.

பால்வினை நோயான சிபிலிஸும் உள்காதைத் தாக்கும். பென்சிலின் கண்டுபிடித்த பிறகு இது அரிதாகிவிட்டாலும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளலாம், மருந்தும் இருக்கிறது. டாக்டர் இந்தப் பரிசோதனையை எழுதினால் சங்கடப்படவோ, கோபப்படவோ தேவையில்லை.

5. உடலே உள்காதைத் தாக்கும் நோய்கள்

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், தவறுதலாக உள்காதையே எதிரியாக நினைத்துத் தாக்கலாம். லூபஸ் போன்ற நோய்களில் இது நடக்கும். 'கோகன் சிண்ட்ரோம்' என்ற மிக அரிய நோயில், கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசும். கூடவே காது கேளாமையும் தலைசுற்றலும் வரும். கண் பிரச்னைக்குக் கண் டாக்டர், காதுக்குக் காது டாக்டர் என்று தனித்தனியாகப் போனால் இந்தத் தொடர்பு பிடிபடாது. இந்த வகை நோய்களில் பெரும்பாலும் முதலில் ஒரு காது, பிறகு இன்னொரு காது என்று பாதிப்பு பரவும்.

6. மருந்துகள்

உயிர் காக்கும் சில மருந்துகளே காதைப் பாதிக்கலாம். ஆமிகாசின், ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை முக்கியமானவை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு மாதக்கணக்கில் கானாமைசின் ஊசி போடப்பட்டது. அதில் பலர் கேட்கும் திறனை இழந்ததும், ஊசியைக் கைவிட்டு மாத்திரை சிகிச்சைக்கு மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ள சிலருக்கு, இந்த ஊசிகள் வழக்கமான அளவில் போடப்பட்டாலே காது போய்விடலாம். "அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஊசி போட்டப்புறம் காது மந்தமாச்சு" என்று குடும்பத்தில் பேச்சு இருந்தால், ஊசி போடும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதேநேரம், பயந்துகொண்டு நடப்பில் இருக்கும் சிகிச்சையைத் தாமாக நிறுத்தக் கூடாது.

7. ரத்த நோய்களும், சின்ன அடியும்

ரத்தப் புற்றுநோயில் ரத்தம் கெட்டியாவதாலோ, உள்காதுக்குள் ரத்தக் கசிவு ஏற்படுவதாலோ திடீரெனக் காது கேட்காமல் போன அரிய சம்பவங்கள் உண்டு. உடல் வெளிறுவது, அடிக்கடி காய்ச்சல், ஈறில் ரத்தம் கசிவது ஆகியவை கூடவே இருந்தால், ஒரு சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையே வழிகாட்டிவிடும்.

பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்குவது, பலமாகத் தும்முவது, காற்றழுத்த மாற்றம் ஆகியவற்றால் உள்காதின் சவ்வு கிழிந்து திரவம் கசியலாம். பிறவியிலேயே உள்காதின் ஒரு குழாய் அகலமாக இருக்கும் குழந்தைகளுக்கு, விளையாடும்போது தலையில் படும் லேசான அடியே காதைப் பறித்துவிடலாம். மலைப்பயணத்துக்குப் பிறகு வரும் காது கேளாமை எல்லாமே வெறும் அடைப்பு அல்ல என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிகிச்சை என்ன? 2 வாரக் கெடு ஏன்?

காரணம் தெரியாதவர்களுக்கு முதன்மையாகக் கொடுக்கப்படுவது ஸ்டீராய்டு மாத்திரைகள். அறிகுறி தொடங்கி 2 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதல் சில நாட்களிலேயே என்றால் இன்னும் நல்லது. மாத்திரையில் முழுப் பலன் கிடைக்காதவர்களுக்கு, செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடப்படும். 2 முதல் 6 வாரத்துக்குள் இதைச் செய்ய வேண்டும்.

சிகிச்சையே இல்லாமலும் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு பேர் வரை ஓரளவாவது மீள்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால், அந்த அதிர்ஷ்டசாலி யார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. காத்திருந்து பார்த்தால் நேரம் போய்விடும். பாதிப்பு கடுமையாக இருப்பவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு மீளும் வாய்ப்பு குறைவு.

முக்கிய எச்சரிக்கை: ஸ்டீராய்டை மெடிக்கல் ஷாப்பில் தாமாக வாங்கிப் போடக் கூடாது. ரத்தச் சர்க்கரையை எகிற வைக்கும். உள்ளே மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம்.

தேனி மாவட்டத்தில் எங்கே போவது?

தேனி–மதுரை சாலையில், ஆண்டிபட்டிக்கு முன்னால் க.விலக்கில் இருக்கிறது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்கு காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகலாம். கம்பம், கூடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு க.விலக்கு தூரம்தான். அந்த ஒரு நாள் கூலி போகும் என்பதும் நிஜம். ஆனாலும் 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்', 'அடுத்த சந்தை முடியட்டும்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அந்த 2 வாரத்தில் இருந்துதான் கழிகிறது.

முதலில் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனாலும் பரவாயில்லை. அங்கே இந்த 4 விஷயங்களை மறக்காமல் சொல்லுங்கள்.

• எந்த நாள், எந்த நேரத்தில் இருந்து கேட்கவில்லை.

• தலைசுற்றல், இரைச்சல், காய்ச்சல், முகக்கோணல் ஏதும் இருக்கிறதா.

• என்ன வேலை, சமீபத்தில் எங்கே போய் வந்தீர்கள்.

• என்னென்ன மாத்திரை, ஊசி எடுத்தீர்கள், சர்க்கரை, பி.பி இருக்கிறதா.

காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து "அழுக்கும் இல்ல, சீழும் இல்ல, நல்லா இருக்கு" என்று சொன்னால், நிம்மதியாகிவிட வேண்டாம். அடைப்பே இல்லாமல் காது கேட்கவில்லை என்றால், நரம்புப் பாதிப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். "ஆடியோகிராம் எடுக்கணுமா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

எதையெல்லாம் செய்யக் கூடாது?

• காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு ஊற்றக் கூடாது.

• ஊக்கு, ஹேர்பின், தீக்குச்சி, பட்ஸ் விட்டுக் குடையக் கூடாது.

• மூக்கைப் பொத்திக்கொண்டு பலமாக ஊதிக் காதைத் திறக்க முயற்சிக்கக் கூடாது.

• ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்து 'கேக்குதா' என்று சோதிக்கக் கூடாது.

காது திரும்பலேன்னா?

ஒரு காது போனால் சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று கணிப்பது கஷ்டம். சாலையைக் கடக்கும்போதும், பைக் ஓட்டும்போதும் இது உயிர்ப் பிரச்னை. பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சாதாரணக் காது கேட்கும் கருவி, கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கடத்தும் 'கிராஸ்' வகைக் கருவி, காக்ளியர் இம்ப்ளான்ட் என வழிகள் இருக்கின்றன.

ஆனால், 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் காது கேளாமையை இரண்டு காதுகளையும் வைத்துத்தான் வரையறுக்கிறது. இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதோர். 60 முதல் 70 டெசிபல் என்றால் கேட்கும் திறன் குறைந்தோர். ஒரு காதை மட்டும் முழுசா இழந்தவர், மற்ற காது நன்றாக இருந்தால், இந்த வரையறைக்குள்ளேயே வர மாட்டார். இழப்பு நிரந்தரமானால், அதைச் சுமக்க வேண்டியது பெரும்பாலும் அவரேதான்.

மலையில் இருந்து இறங்கியபோது அடைத்த காது அன்று இரவுக்குள் திறந்துவிட்டால் கவலையில்லை. மறுநாள் காலையிலும் திறக்கவில்லை என்றால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.